சிவப்பு லோகோ மாட்டிய மைக்

என் பையில் ஒரே ஒரு மைக்கும் மூன்று லோகோவும் இருக்கும். மதுரைக்கென்று தனி ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க எந்தச் செய்தி சேனலுக்கும் மனசு வராது. அதனால் நான் ஒருத்தனே மூன்று சேனலுக்கும் நிருபர், மூன்றுக்கும் கேமராமேன். பேட்டி எடுக்கும்போது லோகோவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேன்.

சிவப்பு லோகோ சேனலைத்தான் ஊரே பார்க்கும். டீக்கடை, சலூன், செல்லூர்த் தறிக்கூடம், எங்கே போனாலும் அதன் டமடமச் சத்தம்தான். நீல லோகோ ஒரு எதிர்க்கட்சிக்காரருடையது; அதில் மழை பெய்யாவிட்டாலும் ஆட்சியில் இருப்பவர்கள்தான் காரணம். வெள்ளை லோகோ யோக்கியமான சேனல். பின்னணி இசை கிடையாது, கத்தல் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. ரிட்டயர்டான வாத்தியார்கள் நாலு பேர் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டுப் பாராட்டுவார்கள்.

செல்லூரில் ஒரு விசைத்தறித் தொழிலாளி மின்சாரம் தாக்கிச் செத்தார். நான் போவதற்குள் உடலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "தண்ணியப் போட்டுட்டு வந்து தறியத் தொட்டுட்டான் தம்பி," என்றார். அறுந்த வயர் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தேன். அதை எந்தச் சேனலும் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை.

செத்தவரின் மனைவி பக்கத்துச் சந்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளையை மாட்டியபோது தெளிவாகப் பேசினாள். "அவுக குடிக்க மாட்டாகண்ணே. என் மகள நாளைக்கு எவனும் குடிகாரன் பிள்ளைன்னு சொல்லக் கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்." நீலத்தை மாட்டி, "ஆட்சி சரியில்லேன்னு சொல்லும்மா," என்றேன். திருதிருவென்று முழித்துவிட்டுச் சொன்னாள். சிவப்பை மாட்டியதும், "இப்பத்தானண்ணே இதெல்லாம் கேட்டீங்க?" என்றாள்.

"இது வேற டிவிம்மா."

சிவப்புக்கு அழுகை இல்லாமல் அனுப்பினால் குப்பையில் போடுவார்கள். இவளோ அழுகிற மாதிரித் தெரியவில்லை. "இனிமே அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன். உடைந்துபோனாள். முகத்துக்குக் கிட்டே போய் எடுத்தேன்.

வெறும் கரண்ட் சாவை எவன் பார்ப்பான்? தலைப்பை நானே தட்டி அனுப்பினேன்: 'போதையில் தறியைத் தொட்டாரா?' கேள்விக்குறி போட்டுவிட்டால் எவனும் எங்கள் மேல் கேஸ் போட முடியாது. அவள் அழுகைக்குக் கீழே அந்த வரியை நாள் முழுக்க ஓட்டினார்கள். நீலத்தில் அமைச்சரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். வெள்ளையில் அவள் சொன்னது சொன்னபடியே வந்தது. செல்லூர்க் கேபிளில் வெள்ளை வராது.

ஒரு மாதம் கழித்து, காளவாசலில் ஒரு மறியலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, விசாரித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பிளாஸ்டிக் கவரிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்தாள்.

"உங்க டிவியில ஒரு கேள்வி கேட்டிருந்தாகள்லண்ணே. பதிலு எப்பப் போடுவாகன்னு தெனமும் டிவிய அமத்தாம உக்காந்திருக்கேன். பள்ளிக்கூடத்துல பிள்ளையப் போட்டுக் கொல்லுறாக. ஒருவேள டிவிக்காரகளுக்குப் பதிலு தெரியலையோன்னுதான் கொண்டாந்தேன். குடிக்கலைன்னு இதுல எழுதியிருக்கு."

சிவப்புச் சேனல் ஆபீசுக்குப் போன் அடித்தேன். "அந்தச் சாவு பழசாயிருச்சுப்பா. மறியல அனுப்பு," என்று வைத்துவிட்டார்கள்.

"செவப்பு டிவியத்தாண்ணே மாட்டணும்," என்றாள். "எங்க தெருவே அதத்தான் பாக்குது."

மாட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறிக்கையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, அழாமல், ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நகராமல் நிற்கிறவர்களை அனுப்பி வைக்க, ரெக்கார்டு பட்டனை அமுக்காமலே படம் எடுப்போம். அவளையும் அப்படித்தான் எடுத்தேன்.

"எப்பண்ணே வரும்?"

"ஏழு மணிச் செய்தியில பாரும்மா."

"மகளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிறேண்ணே," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.