கட்சால் ஆபரேட்டரின் நோட்டு

அரசு வேலையில் இருந்தபோது நான் எழுதிய தொழில்நுட்ப அறிக்கைகளில் ஒன்று பொய். தெரிந்தே எழுதிய பொய் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. தெரிந்துவிடுமோ என்று பயந்து, தெரிந்துகொள்ளாமலே எழுதியது. அதனால் ஒரு பெண் பன்னிரண்டு வருடம் தன் சொந்தத் தீவுக்குத் திரும்ப முடியாமல் போர்ட் பிளேரில் கிடந்தார். அந்தப் பொய்யை இந்த வருடம்தான் திருத்தினேன். எப்படித் திருத்தினேன் என்பதைவிட, ஏன் இத்தனை நாள் ஆனது என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

கடல்மட்டம் அளக்கும் கருவிகளைப் பராமரிப்பது எங்கள் பிரிவின் வேலை. தெற்குத் தீவுகளில் ஜெட்டி ஓரமாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். தண்ணீருக்குள் இருக்கும் உணரியிலிருந்து ஒரு வயர் வந்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு கன்வெர்ட்டர் வழியாக, பல வயர்களைச் செருகும் ஹப் என்ற சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டரில் சேரும். அந்தக் கம்ப்யூட்டர்களில் திறந்த மூல இயங்குதளம்தான் ஓடியது. அதன் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதன் நிரலை யாரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி, உலகத்துக்கே பொதுவான ஒரு மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பலாம். அந்தத் திருத்தம்தான் பேட்ச்.

எங்களுக்கு வந்த கன்வெர்ட்டரை அந்தக் கெர்னலுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டும் பேசிக்கொள்வதற்கான டிரைவர் என்ற நிரலை நான் எழுதினேன். சாட்டிலைட் இணைப்பு இருந்த காலம். ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் பாதி போயிருக்கும். முகம் தெரியாத ஆள்கள் மூன்று முறை குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலை அச்செடுத்து, மெயின்லேண்டிலிருந்து வரும் அதிகாரிகள் கண்ணில் படும்படி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஒரு வருடத்துக்குள், அந்தத் தெற்குத் தீவுகளில் ஒன்றான கட்சாலிலிருந்து புகார் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து போகிறது, அணைத்துப் போட்டால்தான் மீண்டும் ஓடுகிறது, நடுவில் அளவுகள் விட்டுப்போகின்றன என்று. கப்பல் பிடித்துப் போனேன்.

அங்கிருந்த ஆபரேட்டருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ரப்பர் தோட்டத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த குடும்பம். சுனாமியில் அவர்கள் வீடு அடித்தளம்கூட இல்லாமல் போயிருந்தது. கடல்மட்டக் கருவியை அலட்சியமாக விட்டுவிட்டுப் போகக்கூடியவர்களைத் தேடினால் அந்தத் தீவிலேயே கடைசி ஆளாகத்தான் அவர் வருவார். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

“சார், பவர் ஹவுஸ்ல ஜெனரேட்டர் மாத்துறப்பதான் நிக்குது” என்றார்.

“கம்ப்யூட்டர் யுபிஎஸ்ல இருக்கும்மா. ஜெனரேட்டர் மாறுறது அதுக்குத் தெரியவே தெரியாது.”

“அதுக்குத் தெரியாம இருக்கட்டும் சார். எனக்குத் தெரியுதே. மேல ஃபேன் ஒரு தடவை மூச்சு வாங்கும். அதோட இது கல்லு மாதிரி நின்னுரும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“இல்ல சார். கபி கபி. பத்துல ஒண்ணு. நின்ன நேரம், நிக்காத நேரம், ரெண்டையும் நோட்டுல எழுதியிருக்கேன்.”

கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உறைவதற்கு முன் கடைசியாக இருந்தது ஒரே வரி: கன்வெர்ட்டர் பிடுங்கப்பட்டது. வேறெதுவும் இல்லை.

“இந்த வயரை யாராவது பிடுங்குவாங்களா?”

“யாரு சார் வருவா இங்க? நான் மட்டும்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: “ஒரே ஒரு நாள் அந்த ஹப்ல என் போனை சார்ஜ் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு நிக்கல சார்.”

கேட்காமலே சொன்ன அந்த உண்மைதான் அவருக்கு வினையானது. விசாரணை என்று வந்தபோது எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போன் சார்ஜ் போடுவதற்காக வயரைப் பிடுங்கியிருக்கிறாள் என்றார்கள். தொழில்நுட்பக் கருத்து எழுத வேண்டியவன் நான். நோட்டு என் மேஜைக்கு வந்தது. நாற்பது பக்கம். திறந்தேன், இரண்டு பக்கம் படித்தேன். தேதி, நேரம், ஜெனரேட்டர் மாறியது, நின்றது. ஜெனரேட்டர் மாறியது, நிற்கவில்லை. இப்படியே, சீரான கையெழுத்தில்.

அந்த இரண்டு பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது உண்மைதான். ஆனால் கன்வெர்ட்டர் செருகியிருந்த ஹப்புக்கு யுபிஎஸ்ஸில் இடமில்லாமல் சுவர் பிளக்கில் செருகியிருந்தோம். செருகியது நான்தான். மின்சாரம் ஒரு நொடி தள்ளாடினால் ஹப் அணைந்து எரியும். கம்ப்யூட்டருக்கு அது யாரோ வயரைப் பிடுங்கிச் செருகியது போலத்தான் தெரியும். சரி, பிடுங்கினால்தான் என்ன? பிடுங்கினால் உறையக் கூடாதே. உறைகிறது என்றால் டிரைவரில் கோளாறு.

அந்த இடம் வரை யோசித்தேன். நோட்டை மூடினேன். “கருவியிலோ மென்பொருளிலோ குறை இல்லை. இணைப்பு மனிதக் கையால் துண்டிக்கப்பட்டிருக்கிறது” என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்தக் காகிதத்தின் மேல் வைத்துத்தான் போட்டேன்.

அவருடைய சர்வீஸ் புக்கில் கண்டனம் ஏறியது. போர்ட் பிளேர் அலுவலகத்தில் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் அவருக்குத் ‘தார்வாலி’ என்று பெயர் வைத்தார்கள், வயர்க்காரி என்று அர்த்தம். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் புரியும் இந்தி அல்லவா, பெயர் நிலைத்துவிட்டது. அவர் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள். ஒருமுறை நானும் சேர்ந்து சிரித்தேன். கட்சாலுக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை மனுப் போட்டார். கண்டனம் இருப்பவரைப் பழைய இடத்துக்கே அனுப்ப முடியாது என்று மூன்று முறையும் திருப்பினார்கள். அங்கே அவருடைய தாய் தனியாக இருந்தார். அந்த மனுக்கள் போன வழியில்தான் என் மேஜையும் இருந்தது. பிறகு நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகும் காலையில் காபியோடு அந்த மின்னஞ்சல் பட்டியலைப் படிக்கும் பழக்கம் விடவில்லை. இந்த வருடம் ஒரு நாள், எங்கோ ஒரு குளிர்நாட்டில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். கிணற்று நீர்மட்டம் பார்க்கும் கம்ப்யூட்டர், மின்சாரம் தடுமாறும்போது சில சமயம் உறைந்துவிடுகிறதாம். உறையும் கணத்தில் கெர்னல் எந்த வேலையில் இருந்தது என்ற தடத்தையும் பிடித்து இணைத்திருந்தார். அதில் மேலிருந்து மூன்றாவதாக இருந்தது நான் எழுதிய பகுதி.

மூன்று நாள் சும்மா இருந்தேன். வேறு யாராவது சரிசெய்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன் என்பதே உண்மை. நான்காம் நாள் ஒருவர், “இதை எழுதியவர் இன்னும் இருக்கிறாரா?” என்று கேட்டிருந்தார்.

பழைய கன்வெர்ட்டர் ஒன்று பரணில் கிடந்தது. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து, ஹப்பைச் சுவர் பிளக்கில் செருகி, சுவிட்ச் பக்கத்தில் என் மனைவியை நிறுத்தினேன்.

“அணை. போடு. அணை. போடு.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து லைட்டை அணை, ஃபேனை அணைன்னுதான் கேட்டிருக்கேன்” என்றாள். “போடுன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். அவள் கை வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தபோது திரையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றது. எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. கல்லு மாதிரி.

“கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போச்சு.”

“அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?”

சிரித்தேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக நான் பார்க்க மறுத்ததைப் பார்த்துவிட்டேன்; இனி மறுக்க வழியில்லை. அதில் இப்படி ஒரு நிம்மதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு, அந்தத் தார்வாலியா?” என்று கேட்டவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவந்தது நீங்கதான்.”

பிழை இதுதான். கன்வெர்ட்டர் துண்டிக்கப்பட்டதும், அளவுகளை வாங்கி வைக்கும் நினைவிடத்தை என் நிரல் உடனே காலி செய்துவிடும். ஆனால் பாதியில் இருக்கும் ஒரு வாசிப்பை அது முதலில் நிறுத்தவில்லை. சாப்பிடுகிறவர் கை சோற்றுக்கு வரும்போதே இலையை உருவுவது போல. அந்த நொடியில் அளவு எதுவும் வராவிட்டால் ஒன்றும் ஆகாது. வந்தால் எல்லாம் நிற்கும். பத்தில் ஒன்று. நிறுத்தும் வரியை மேலே தூக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் அனுப்பும்போது, யாருடைய எந்த மாற்றத்தால் இந்தப் பிழை வந்தது என்று அடியில் ஒரு வரி எழுத வேண்டும். என் பழைய பேட்சின் எண்ணை எழுதி, அதற்குப் பக்கத்தில் அதன் தலைப்பை எழுதினேன். பிழையை முதலில் கண்டு சொன்னவர் யார் என்றும் ஒரு வரி உண்டு. பண்ணைக்காரர் பெயரை எழுதினேன். அவருக்கு மேலே எழுத வேண்டிய பெயர் ஒன்று இருந்தது. சம்மதம் கேட்காமல் எழுதக் கூடாது என்பதும் அங்கே வழக்கம்.

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில், அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடைக்கு அந்த ஆபரேட்டரை மதியம் வரச் சொன்னேன். டிபன் பையோடு வந்தார். முடி பாதி நரைத்திருந்தது.

“என்ன சார், ரிட்டயர் ஆனப்புறம்தான் ஆபரேட்டருக்கு டீ வாங்கித் தரத் தோணிச்சா?”

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் டீயைத் தொடவில்லை.

“நான் வயரைத் தொடலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா, அப்பவே தெரியுமா?”

“அப்பவே சந்தேகம் இருந்துச்சு. உங்க நோட்டுல ரெண்டு பக்கம் படிச்சேன். மூடிட்டேன்.”

“ரெண்டு பக்கம்.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மீதி முப்பத்தெட்டு பக்கம் யாருக்காக சார் எழுதினேன்?”

டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் திருப்பி நகர்த்தினார்.

“எத்தனை வரி தப்பு?”

“ஒரு வரிம்மா. மேல இருக்க வேண்டியது கீழ இருந்துச்சு.”

“ஒரு வரிக்குப் பன்னெண்டு வருஷம். வாஹ் சார்.”

உங்கள் பெயரைப் போடச் சம்மதம் வேண்டும் என்றேன். உலகம் முழுக்கத் தெரியுமா, யாராவது அழித்துவிடுவார்களா என்று கேட்டார். அழிக்க முடியாது என்றேன்.

“என் சர்வீஸ் புக்ல இருக்கறதும் அழிக்க முடியாதுன்னுதான் சொன்னாங்க. போடுங்க. எங்கப்பா இனிஷியலோட போடுங்க.”

“உங்ககிட்ட மன்னிப்பு...”

“அது பின்னாடி பாத்துக்கலாம் சார். மொதல்ல ஆபீஸுக்கு எழுதுங்க. அன்னிக்கு எழுதுனீங்களே, அதே இங்கிலீஷ்ல எழுதுங்க.”

எழுதினேன். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் என்னைவிட முப்பது வயது இளைய அதிகாரி. “அது மூடின ஃபைல் சார், இப்ப எதுக்கு?” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பழைய ஃபைலை வரவழைத்துத் தரும்படி கேட்டேன். நோட்டு அதில் நாடாவில் கட்டிக் கிடந்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து நாற்பது பக்கமும் படித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில் எழுதியிருந்தது: “ஹப்பை யுபிஎஸ்ஸில் செருகினால் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுமா என்று சார் வந்தால் கேட்க வேண்டும்.”

அந்தப் பக்கத்தை அதிகாரியிடம் நீட்டினேன். படித்தார். என் கடிதத்தை அதன் பிறகுதான் முழுதாகப் படித்தார்.

பேட்ச் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டது. பிழை எப்போது வருகிறது என்ற விவரம் இவ்வளவு துல்லியமாக எப்படிக் கிடைத்தது என்று பட்டியலில் ஒருவர் கேட்டார். எங்கள் கட்சால் ஆபரேட்டர் பன்னிரண்டு வருடம் முன்பு கையால் எழுதி வைத்தது, நான்தான் படிக்கவில்லை என்று பதில் போட்டேன். பொது இடத்தில் என் பெயரில் நான் எழுதிய மிகச் சின்ன மின்னஞ்சல் அதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில் போன் வந்தது.

“சார், ஆர்டர் வந்திருக்கு. படிக்கறேன், கேக்கறீங்களா?”

“படிங்க.”

ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கண்டனம் ரத்து செய்யப்படுகிறது. மாற்றல் மனு ஏற்கப்படுகிறது. பணியிடம் கட்சால். கையெழுத்து, முத்திரை வரை எல்லாவற்றையும் படித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேன் சார். நம்பல. கப்பல்லேர்ந்து எறங்கினாத்தான் நம்புவேங்குது.”

“எப்பக் கப்பல்?”

“புதன்கிழமை. பெட்டி கட்டணும், வெச்சுடறேன்.”

வைத்துவிட்டார். மன்னிப்பைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் இத்தனை வருடம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. அன்று மதியம் இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.