அண்ணனின் நீல வயர்

என் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ஒரு நீல வயர் தெரியும். அந்த ஆம்ப்ளிஃபயர் அண்ணன் கடைசியாகச் செய்து கொடுத்தது. வெளியே போகும் சத்தத்தில் கொஞ்சத்தை அந்த வயர் உள்ளிருக்கும் கண்ணாடி வால்வுகளில் முதலாவதற்கே திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருவதிலிருந்து கழித்துவிடும். சத்தம் குறையும், வால்வுகள் தம் பங்குக்குச் சேர்த்த கரகரப்பும் குறையும். சத்தத்தைக் குறைக்க ஒரு வயரா என்று ஒரு காலத்தில் அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அண்ணன் ஓமலூரில் லாரி எலெக்ட்ரீஷியன். பழைய ரேடியோ வால்வுகளை வைத்து ஆம்ப்ளிஃபயர் செய்யும் கிறுக்கு நடுவயதில் பிடித்தது. குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவருக்காக அவர் செய்த ஆம்ப்ளிஃபயரைக் கேட்டுவிட்டு, பாட்டு உச்சத்துக்குப் போனால் கரகரக்கிறது என்று நான் ஒருத்திதான் சொன்னேன். அதன் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மனிதர் வரவிருந்த காலையில் நான் போனபோது, அதில் இப்படி ஒரு நீல வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்ப்பதற்குள் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

வந்தவர், இறந்துபோன தன் அப்பாவின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்த மாதிரி இனிமேல் கிடைக்காது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அண்ணன் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேறியதும் ஏர் ஹாரன் சிக்கிக்கொண்டதுபோல் ஒரே அலறல். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு உதறியது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் அண்ணனின் கை உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் கரண்ட் தேங்கி நிற்கும்.

"கைய எடுங்கண்ணா."

கை அப்படியே நின்றது. தேங்கிய கரண்டை வடித்த பிறகுதான் வயரைத் தொட்டார். லாரி ஹாரனுக்கு இரண்டு வயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான். அந்தக் கைப்பழக்கத்தில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். சத்தத்தைக் கழிக்க வேண்டிய நீல வயர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

மாற்றிப் போட்டு அண்ணன் மறுபடி சுவிட்சைத் தொட்டபோது நான் பிளக்கின்மேலேயே கையை வைத்திருந்தேன். அலறல் இல்லை. பாட்டு மெல்ல வந்தது, உச்சத்திலும் பிசிறில்லாமல். சத்தம் குறைவு என்பாரோ என்று அண்ணன் வந்தவர் முகத்தையே பார்த்தார். அவர் ஸ்பீக்கர்மேல் கையை வைத்தார்.

"எங்கப்பா இப்படித்தானுங்க கொறச்சு வெச்சுக் கேப்பாரு."

அண்ணன் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஆம்ப்ளிஃபயரும் என் காதுக்கு வராமல் பட்டறையை விட்டுப் போனதில்லை. "என்ன கொறைன்னு சொல்லு அம்மணி" என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. நீல வயர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று பாட்டுக்கு நடுவே, "எடது பக்கம் லேசா எரையுதுங்கண்ணா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.