உலகம்மை வீட்டுப் புற்று

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், சிற்றாற்றை ஒட்டிப் பிரிகிற தெருவில் உலகம்மைக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. முன்னறை, பின்னறை, ஒரு அடுப்படி. அவ்வளவுதான் வீடு. ஆனால் பட்டா அவள் பெயரில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அந்தத் தெருவில் பெண்பிள்ளை பெயருக்குப் பட்டா உள்ள வீடு அது ஒன்றுதான்.

பதினெட்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்துக் கட்டிய வீடு. சீசனுக்கு வந்து பதினைந்து நாள் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்காகக் குற்றாலத்தில் எழும்பிய பங்களாக்களுக்கு அவள் தலைதான் கல் சுமந்தது. வேலை முடிகிற இடத்தில் உடைந்த செங்கல், மிச்சச் சுண்ணாம்பு, சாரக்கட்டைத் துண்டு என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். "உலகம்மை வாரா, தலைப்பாகைய அவுத்து மடியில வச்சுக்கோங்கலே. செவுத்துல வச்சுக் கட்டிருவா" என்று கொத்தனார்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு கல்லைக் கூடுதலாக எடுத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் பேச்சிமுத்து சாரல் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். எத்தனையோ முதுகுகளைப் பிடித்துவிட்டிருக்கிறான். யார் முன்னாலும் தன் முதுகை நிமிர்த்தியதில்லை.

வீடு கட்டி மூன்றாவது வருஷம் ஆடியில் பின்னறை மூலையில் தரையைக் கீறிக்கொண்டு செம்மண் முளைத்தது. உலகம்மை கூட்டித் தள்ளினாள். மறுநாளும் முளைத்தது. அதற்குள் செங்கோட்டையில் ஒரு கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்கி வேலை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது மண் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அடியில் இரண்டு முட்டை.

"யாரு வச்சது?"

"அண்ணன்தான்" என்றான் பேச்சிமுத்து. "அம்மன் வந்திருக்கான்னு சொல்லுதான். நான் என்னத்தச் சொல்ல?"

அவன் அண்ணன் உச்சிமாகாளி கோயில் கொடைக்குக் கொடை அம்மன் இறங்கி ஆடுகிறவர். அவர் வாக்குக்கு அந்தத் தெருவில் மறுவாக்கு இல்லை.

செவ்வாய், வெள்ளிகளில் பெண்கள் பாலும் மஞ்சள் தண்ணீருமாக வரத் தொடங்கினார்கள். உலகம்மைக்கும் அம்மன்மேல் பயம் உண்டு. அவளும் கும்பிட்டாள். ஆனால் கும்பிட்ட கண்ணுக்குச் சுவரும் தெரிந்தது. புற்றின் அடியிலிருந்து விரல் கனத்தில் ஒரு மண்கோடு கிளம்பிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நகத்தால் அதைக் கீறினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கறையான்கள் வெளிச்சத்துக்குக் கூசி ஓடின. தவிட்டுநிறத் தலையுடைய நாலைந்து மட்டும் ஓடாமல், உடைப்பில் வந்து நின்று கொடுக்கை விரித்தன. பொழுது சாய்வதற்குள் உடைப்பை ஈரமண் வைத்து அடைத்துவிட்டன.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாள். நாலு வாரம் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பால் ஊற்றினால், சனிக்கிழமை மண் ஒரு சாண் ஏறியிருந்தது. வாசல்நிலையை அழுத்தினாள். மேலே பூசிய வார்னிஷ் அப்படியே இருக்க, கட்டைவிரல் மரத்துக்குள் போயிற்று. பழைய பங்களா ஒன்றை இடித்தபோது இதே மாதிரி ஒரு உத்தரத்தைப் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு உத்தரம், கைக்கு வெறும் தோல்.

அந்த வெள்ளி விளக்கு வைக்கிற நேரத்தில் உச்சிமாகாளிக்கு அருள் வந்தது. பின்னறை முழுக்க ஆட்கள்.

"இந்த எடம் எனக்கு வேணும்" என்றது அம்மன். "ஓட்டப் பிரி. செவுத்த எடு. எனக்கு வெயிலும் மழையும் படணும்."

பேச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி தாயே" என்றான்.

உலகம்மை முந்தானையை இடுப்பில் செருகினாள். "தாயே, ஒனக்கு எடம் இல்லன்னு நான் சொல்லல. கால்வாய்க்கரை வேம்பு மூட்டுல மேடை கட்டித் தாரேன். கட்டுததுதான் எனக்குத் தொழிலு. இந்த வீட்ல நான் இருக்கேன்."

அம்மன் அதோடு மலையேறிவிட்டாள். பிறகு உச்சிமாகாளிதான் பேசினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிடிமண் எடுக்காம அம்மன் எடம் மாற மாட்டா. அது ஒனக்கும் தெரியும். நான் எடுக்கப் போறதில்ல" என்றார்.

"நீங்க எடுக்காண்டாம் அத்தான்."

"பொட்டச்சி பிடிமண் எடுத்து எந்த ஊர்லட்டி பாத்திருக்க?"

"பொட்டச்சி பேர்ல பட்டா எந்த ஊர்ல பாத்தீங்க?"

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆற்றில் முங்கி, ஈரச்சேலையோடு வந்தாள். புற்றில் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் புதுக்கலயத்தில் இட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டித் தலையில் வைத்தாள். தெருவே வாசலில் நின்றது. எதிரே வந்து யாரும் மறிக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வேம்படியில் தன் கையால் கட்டிய மேடையில் கலயத்தை இறக்கி, பால் ஊற்றிக் கும்பிட்டாள். கும்பிடு முடிந்ததும் வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தாள்.

முதல் குத்துக்குப் பேச்சிமுத்து தெருக்கோடிக்குப் போய்விட்டான். பாம்பு சீறும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். பாம்பு இல்லை. தேனடை மாதிரி, சாம்பல் நிறத்தில் பொந்து பொந்தாகக் காளான் பூத்த கூடுகள்தான் அடுக்கடுக்காக வந்தன. இன்னும் கீழே போனபோது கடப்பாரை பொதுக்கென்று எதிலோ இறங்கியது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

தென்னை மூடு. வீடு கட்டும்போது அங்கே நின்ற தென்னையை வெட்டியவள், அடிக்கட்டையைத் தோண்ட மூன்று நாள் ஆகும் என்று அதன்மேலேயே தரை போட்டிருந்தாள். பள்ளத்தை நிரப்ப, கேட்டு வாங்கி வந்த சாரக்கட்டைத் துண்டுகளையும் மட்டையையும் கொட்டியவளும் அவள்தான். எல்லாம் பஞ்சாகிக் கிடந்தது.

"நாந்தான் சோறு போட்டு வளத்திருக்கேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் காது மடல்வரை சுட்டது. தன்மேல் வந்த கோபத்தில் எழுந்து இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

தேங்காய் அளவில் கெட்டி மண்ணுருண்டை ஒன்று பிளந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு, வெளுத்து, பால் கட்டினதுபோல ஒரு வயிறு நெளிந்தது. அதற்குப் பொருத்தமில்லாத சின்னத் தலை. பக்கத்தில் அதன் இணை, எறும்பைவிடக் கொஞ்சம் பெரிது. தாய்க்கறையான். அந்த வயிறு போட்ட முட்டைதான் அத்தனையும். அதைச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உள்ள இருந்தது இதுதான்."

எதிர்வீட்டுத் தங்கத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, எம்பிள்ளைக்கு இல்லாத பால இதுக்கா ஊத்துனேன்" என்றாள். யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

உச்சிமாகாளி அசரவில்லை. "அம்மன் எந்த ரூபத்துலயும் வருவா."

"வருவா. ஆனா வேம்படிக்குப் போயாச்சே அத்தான். பிடிமண் எடுத்தா எடம் மாறுவான்னு நீங்கதான சொன்னீங்க."

சிரட்டையைக் கோழிகளுக்கு முன்னால் கவிழ்த்தாள்.

அதோடு தீரவில்லை. பத்தே நாளில் வெளிச்சுவரில் மறுபடியும் மண்கோடு. தாய் ஒன்று போனால் போதாது, மண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள உறவை அறுக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கியது. தென்னையின் அடிக்கட்டையை வேரோடு தோண்டினாள். கட்டைத் துண்டு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எரித்தாள். சுரண்டைக்குப் போய், வயலுக்குப் போடுகிற கெமாக்சின் பூச்சிப்பொடி வாங்கி வந்து, வாயில் துணி கட்டிக்கொண்டு சுவரடியில் தோண்டிய வாய்க்காலில் தூவினாள். பள்ளத்தை ஆற்றுமணலாலும் கல்சில்லாலும் இறுக்கினாள். வாசல்நிலையின் உளுத்த காலை முழ உயரத்துக்கு அறுத்தெடுத்து, கருங்கல் துண்டைச் செருகினாள். இனி மரம் மண்ணைத் தொடாது.

அந்த நேரம் பார்த்துப் பேச்சிமுத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தெரு காத்திருந்தது இதற்குத்தான். உலகம்மை அவனை வண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். ராத்திரிகளில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேம்படிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பகலில் அந்தக் கையால் மரத்துக்குத் தார் பூசினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உச்சிமாகாளி நாலு ஆட்களோடும் ஒரு கட்டிலோடும் வந்தார். நேரே பின்னறைக்குப் போய்த் தம்பி பக்கத்தில் நின்றார்.

"ஏலே, எந்திரி. எங்க வீட்டுக்குப் போவோம். அம்மன் குத்தம் உள்ள வீட்ல கெடந்து சாகாத. அவ வேணும்னா இங்கன கெடக்கட்டும்."

உலகம்மை தார்ச்சட்டியோடு வாசல்நிலை அருகே நின்றாள். கேட்காதவள்போல மட்டையைத் தோய்த்தாள். அவன் எழுந்து போனால் அந்த வீட்டில் அவள் தனி. தனியாக ஒரு பெண்ணை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பேச்சிமுத்து போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். பற்கள் அடித்துக்கொண்டன. அண்ணனைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், புதிதாகப் பூசிய தரையைப் பார்த்தான்.

"நான் வரல" என்றான்.

"என்னலே?"

"அவ கட்டுன வீடு. காய்ச்சல் போனாலும் போகாட்டாலும் நான் இங்கனதான் படுப்பேன். கட்டில எடுத்துட்டுப் போ."

சொன்ன வேகத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். உச்சிமாகாளி ஆட்களுக்குச் சைகை காட்டினார். கட்டில் வந்த வழியே திரும்பியது.

உலகம்மை அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"அத்தான், நிலையில தார் காயல. ஒட்டாம போங்க."