வலப்பக்கத்து ஈ

குதிரைகளுக்கு உடம்பு பிடித்துவிடுவது என் வேலை என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்த நிமிடமே இடுப்பைத் தடவிக்கொண்டு, "எனக்கும் இங்கே ஒரு பிடிப்பு இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். குன்னூரில் பல வருடம் பிசியோதெரபிஸ்டாக மனிதர்களின் தோளையும் முட்டியையும் பார்த்து அலுத்துப்போய்த்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்தேன் என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வார்கள். குதிரைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வலித்தால் காது பின்னால் மடங்கும், சுகமாக இருந்தால் கீழுதடு தொங்கும். எனக்கு அது போதும்.

ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடும் பாய் ஒருவர் ஒரு மார்ச் மாதம் என்னை வரச் சொன்னார். அவருடைய வெள்ளைக் குதிரை வலப்பக்கம் திரும்ப மறுக்கிறதாம். கால்நடை மருத்துவர் காலையும் குளம்பையும் பார்த்துவிட்டு, எலும்பில் குறை எதுவும் இல்லை, தசைப்பிடிப்பாக இருக்கும் என்று சொல்லி என் போன் எண்ணைக் கொடுத்திருந்தார்.

ஊட்டியிலேயே காந்தலில் அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட லாயம். குட்டியிலிருந்து அவர் கையில் வளர்ந்த பெண் குதிரை. பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"வலப்பக்கம் கயித்தப் புடிச்சா தலையத் தூக்கி அடிக்குதுங்க டாக்டரம்மா. போன வாரம் ஒரு கொழந்த சறுக்கி உழுகப் பாத்துச்சு. நான் தாங்கிப் புடிச்சுட்டேன். இல்லீன்னா என்னாகியிருக்கும்? சீசன் வேற வருது" என்றார். "மேட்டுப்பாளையத்துல கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை உடறவரு ஒருத்தரு ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்காரு. அங்க நேரா நடந்தாப் போதுமாம். குடுத்துரலாம்னு இருக்கறனுங்க."

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

"பட்டாசுச் சத்தம்தான் இவளுக்கு ஆகாது" என்று கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். வாளியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

காலைக் குளிரில் என் விரல்கள் விறைத்திருந்தன. டீ கிளாஸைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு குதிரையின் காதுக்குப் பின்னால் வைத்தேன். அங்கிருந்து கழுத்து வழியாகத் தோள்வரை மெதுவாக இறங்கினேன். கடையில் தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்க்கும் அளவு அழுத்தம்தான். அதற்கு மேல் அழுத்தினால் குதிரை எதிர்த்து இறுகும். கழுத்தின் இடப்பக்கம் முழுவதும் காய்ந்த சப்பாத்தி மாவு மாதிரி கெட்டியாக இருந்தது; அது இழுத்துப் பிடித்திருந்தால் கழுத்து வலப்பக்கம் வளையாது. வலப்பக்க விலாவிலோ வேறு சங்கதி. அங்கே ஈ கடித்த தடிப்புகள், அவற்றின் மேல் பாய் தடவிய வேப்பெண்ணெய். இடது விலாவில் ஒரு தடிப்புகூட இல்லை. ஈ உட்கார்ந்தால் குதிரை கழுத்தை வளைத்து வாயாலேயே விரட்டிவிடும். இவளுக்கு வலது விலா எட்டவில்லை. அந்தப் பக்கம் வாலுக்கும் சிக்காத ஈ சாவகாசமாக உட்கார்ந்து கடித்திருக்கிறது. எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

கையை எடுக்காமல் நின்றேன். இந்த வேலையில் பாதி சும்மா நிற்பதுதான். ரொம்ப நேரம் கழித்துப் பாப்பா உதட்டை நக்கி, தாடையை அசைத்து, பெரிதாகக் கொட்டாவி விட்டாள்; இறுக்கம் விடுகிறது என்று அர்த்தம். கேரட் ஒன்றை வலது தோளருகே நீட்டினேன். கழுத்து ஒரு சாண் வளைந்தது. பாய்க்கு முகமெல்லாம் பல்.

அடுத்த வாரம் போனால் கழுத்து பழையபடி கெட்டி. பிடித்துவிட்டேன், தளர்ந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி அதே கதை. எனக்குக் கோபம் வந்தது. பெருக்கி முடித்த வாசலில் யாரோ தினமும் குப்பை கொட்டிவிட்டுப் போவது போலிருந்தது. யார் கொட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கே போனேன்.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. குதிரையில் ஏறுவதற்குப் படி மாதிரி ஒரு கல் கிடக்கும். குதிரையின் இடப்பக்கமிருந்துதான் ஏற்றுவார்கள், பிடிப்பவரும் இடப்பக்கமே நிற்பார். அது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் வெள்ளைக் குதிரையைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் சவாரியே போவதில்லை. அவர்களுக்கு போட்டோதான் வேண்டும். பின்னால் ஏரி தெரிய வேண்டும், குதிரையின் முகமும் தெரிய வேண்டும். பாய் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பாப்பாவின் கழுத்தை இடப்பக்கமாக வளைத்து, கேமராவைப் பார்க்க வைத்துக்கொண்டு நின்றார். அப்பா ஏறினார், இறங்கினார். அம்மா ஏறினார். மகள், மாப்பிள்ளை, பிறகு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மறுபடியும் அப்பா. அதுவரை அந்தக் கழுத்து நேராகவே இல்லை. அடுத்த குடும்பம் தயாராக நின்றது.

கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். "பாய், நீங்க ஒருக்கா இடது தோளப் பாத்துக் கழுத்தத் திருப்பி நில்லுங்க. இவங்க எடுத்து முடிக்கற வரைக்கும்."

என்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே நின்றார். அந்தக் குடும்பத்தில் ஒரு அத்தைக்குப் புடவை மடிப்பு சரியாக விழவில்லை; திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பாயின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முடிந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"நாந்தானுங்களா?" என்றார். "அழகா நிக்கறா, அழகா நிக்கறான்னு நானே புடிச்சு வெச்சிருக்கறேன்."

அவரைத் திட்டத்தான் கிளம்பி வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. ஆள் ஏறியதும் குதிரையை மறுபக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்துங்கள், கேமரா வலப்பக்கம் வந்துவிடும், பின்னால் தெரிவது அதே ஏரிதான், கயிற்றை மட்டும் இழுக்காதீர்கள் என்றேன். பாதி போட்டோ அப்படி, பாதி போட்டோ இப்படி. கேட்க எளிது. வலப்பக்கம் நின்று பிடித்தே பழகாத பாய், முதல் நாட்களில் தன் காலைத் தானே மிதித்துக்கொண்டார். "டாக்டரம்மா பாய்க்கு டிராபிக் ரூல் போட்டுட்டாங்க" என்று மற்ற குதிரைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். போட்டோ எடுத்தவர்களில் ஒருவர்கூட வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தங்கள் முகம் வந்தால் போதும், குதிரைக்கு நான்கு கால் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

நான் வாராவாரம் போய்ப் பிடித்துவிட்டேன். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆனால் கேரட்டுக்குத் தோள்வரை வந்தவள் விலாவரை வரவில்லை. சீசனும் வந்துவிட்டது, மேட்டுப்பாளையத்துக்காரரும் வந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் லாயத்தில் நின்றார். "வரச் சொல்லிட்டனுங்க. இன்னும் முழுசா சரியாகல. ஒரு கொழந்த நெசமாவே உழுந்துட்டா நான் தாங்க மாட்டேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் பயம் நியாயமானது. நான் பாப்பாவின் கழுத்தைத் தடவிவிட்டேன்.

வந்தவர் நல்ல மனிதர். குதிரையைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், "இந்த வெள்ளைக்கே மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அடிச்சுக்குவாங்க" என்றார். பாய் தலையாட்டினார். கயிற்றை அவரிடம் கொடுக்கக் கையும் நீட்டிவிட்டார்.

அப்போது பாப்பாவின் வலது விலாவில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தோல் ஒருமுறை சிலிர்த்தது, ஈ அசையவில்லை. நான் விரட்டப் போனேன். அதற்குள் அவள் கழுத்தை வளைத்தாள். தோளைத் தாண்டி, மெதுவாக, விலாவரைக்கும் வந்து ஈயை விரட்டினாள். அதோடு விடவில்லை. அந்த இடத்தைப் பல்லால் சுகமாகக் கொறித்துக் கொறித்துச் சொறிந்துகொண்டாள்.

வந்தவருக்கு அது ஒரு குதிரை சொறிந்துகொள்வது, அவ்வளவுதான். பாய் நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வந்ததுக்கு ஊட்டுல ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. பாப்பா விக்கறதுக்கு இல்லீங்க."

வந்தவர் டீ குடித்துவிட்டு, கோபித்துக்கொள்ளாமல்தான் போனார். திரும்பி வந்த பாய் வழக்கமான இடப்பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து விலாவோடு ஒட்டி நின்றார். பாப்பா மறுபடியும் கழுத்தை வளைத்து அவர் சட்டைப் பையை முகர்ந்தாள்.

"இந்தப் பக்கம் நின்னா, இத்தன நாளும் என்னைத் திரும்பிப் பாக்கவே முடியாம இருந்திருக்கறா" என்றார் பாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பையில் கேரட் எதுவும் இல்லை. அவள் மூக்கை எடுக்கவும் இல்லை.