ரொட்டிக்கடை தவுக்கே ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறியது

1924 பிப்ரவரியில் நான் பினாங்குக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அப்போது புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த தங்கை தெரேசா, உடனே வரும்படி ஆள் அனுப்பியிருந்தாள். அவள் கணவர் அந்தோணி, சூலியா தெருவில் ஒரு ரஷ்யரின் ரொட்டிக்கடையில் அடுப்பு பார்த்தார். முதலாளியின் பெயர் வாசிலி, எல்லோருக்கும் தவுக்கே; கடை முதலாளியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். புரட்சி நேரத்தில் ஊரைவிட்டு ஓடிவந்தவர். அவர் சொந்த ஊரான ஒடெஸாவுக்கே திரும்புவதாகவும், கடையை அந்தோணியிடம் ஒப்படைப்பதாகவும் பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் ரஷ்யத் தலைவர் இறந்த செய்தி வந்துவிட்டது; இனி அவர் போகலாமா என்று என்னிடம் யோசனை கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள்.

பிறை என்ற கரையோர ஊர் வரை ரயில், அங்கிருந்து தீவுக்குப் படகு. ரயில் வந்த பிறகே படகு கிளம்பும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மேல்தட்டில் காற்று உண்டு, கரித்தூளும் உண்டு. துறையில் ரிக்‌ஷாக்காரர் அரை வெள்ளி கேட்டார். நடக்கத் தொடங்கினேன், இருபது காசுக்கு ஏற்றிக்கொண்டார்.

கடையில் வாசிலி மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவர் பேசியது சந்தை மலாய். ரஷ்யாவில் பொதுவுடைமை அரசு முதலில் எல்லாக் கடைகளையும் எடுத்துக்கொண்டதாம். பிறகு பஞ்சம் வர, சின்னக் கடைகளை நடத்தலாம் என்று அந்தத் தலைவரே விதியை மாற்றினாராம். ஊரிலேயே தங்கிவிட்ட வாசிலியின் மனைவி, பழைய ரொட்டிக்கடையைத் திறந்து இவரை அழைத்திருந்தாள்.

“தலைவர் போயிட்டா சட்டமும் போயிடுமா, மச்சான்?” என்று அந்தோணி என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன்.

“அதைக் கொண்டுவந்ததே அவர்தான்,” என்றார் வாசிலி. “கட்சியில பல பேருக்குப் பிடிக்கல. இனிமே யார் கை ஓங்கும்னு அவங்களுக்கே தெரியாது.”

“அப்ப ஒரு வருஷம் இருந்து பாருங்கலா, தவுக்கே,” என்றாள் தெரேசா. கடை கைக்கு வர வேண்டுமென்று அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

“அதுக்குள்ள வழியை அடைச்சுட்டா? நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம்.”

அந்த வாரமே வாசிலி கப்பல் ஏறினார். நானும் துறைக்குப் போயிருந்தேன்.

“சரிவரலன்னா திரும்பி வருவேன். ஒரு வேலை குடு,” என்றார் அந்தோணியிடம்.

“வேலை என்ன தவுக்கே, கடையே உங்களோடதுதான்.”

வியாபாரம் நன்றாக நடப்பதாக அவரிடமிருந்து ஒரு படத் தபாலட்டை வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, புதிய தலைமை அங்கே தனியார் கடைகளை மூடிவருவதாகப் பத்திரிகையில் படித்தேன். அப்படித்தான் முடியும் என்று அன்றே தெரிந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. துறையில் நின்றபோது, அவர் போவதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

பினாங்கு போகிறவர்களுக்கு: ரிக்‌ஷா கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் மலை ஏறாதீர்கள். சூலியா தெரு ரொட்டி இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து கப்பல் வரும் நாளில் கடை தாமதமாகத்தான் திறக்கும். கடைசிப் பயணி இறங்கும்வரை அந்தோணி துறையில் நிற்பார்.