காரணம் போதாது

ஞானதுரை பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். ராஜஸ்தான் வெயிலையும் காஷ்மீர் பனியையும் ஒரு கை பார்த்தவர். ஆனால் ஹவில்தாராக ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் மாடி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, எட்டு மணி ஸ்கூல் ஆட்டோவுக்கு இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிடுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது.

மூத்தவள் ஹெப்சிபா ஆறாம் வகுப்பு. இளையவன் ஜெபின் இரண்டாம் வகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து பார்த்த பிள்ளைகள்தான். ஜெபினுக்கு மூன்று வயது இருக்கும்போது, பெட்டியோடு வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடினான். சொந்தபந்தம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஞானதுரையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, தூங்கும் மகன் பக்கத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மனைவி கிருபாபாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இத்தனை நாளும் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பியது கீழ் வீட்டு வெள்ளைத்தாய். இப்போது ஞானதுரை வந்தாயிற்று. வந்த கையோடு அவருடைய பழைய சுபேதாரிடமிருந்து ஒரு போன். பூனாவில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசர் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, வருகிறாயா என்று கேட்டார்.

கிருபாபாய் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ரெண்டு மாசம் பிள்ளைகளைப் பாருங்க. சரிப்பட்டு வரலன்னா பூனாவுக்குப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஞானதுரைக்குப் போக மனசே இல்லை. இனிமேலாவது பிள்ளைகள் பக்கத்தில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதனால் இந்த இரண்டு மாதத்தில் ஜெயித்தே ஆகவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு விசில் ஊதினார். கொண்டையை முடிந்துகொண்டே வெள்ளைத்தாய் மாடியேறி ஓடிவந்தாள்.

"ஏ தம்பி! சிலிண்டர் வெடிக்கப் போவுதா?"

"இல்லக்கா. பிள்ளைகளை எழுப்புதேன்."

"தெருவே எந்திரிச்சிருச்சு, ஒன் பிள்ளைகளைத் தவிர" என்று சொல்லி விசிலைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். போன விசில் போனதுதான்.

அதன்பிறகு சட்டம் வந்தது. வீட்டில் யாருக்கு எதிலிருந்து விலக்கு வேண்டுமானாலும், அழுது அடம்பிடிக்கக் கூடாது. லீவு லெட்டர் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ராணுவத்தில் பேப்பர் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது; லீவுக்கு எழுதிப்போட்டு வாங்குவதன் அருமை ஞானதுரைக்குத் தெரியும். ஹெப்சிபா பிறந்தபோது அவருக்கு லீவு மறுத்துவிட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள்தான் பிள்ளை முகத்தைப் பார்த்தார். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

ஹெப்சிபா முதல் மனுவைப் போட்டாள். "மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, இன்று பாகற்காய் பொரியல் என்று கேள்விப்பட்டேன். ஆகையால் எனக்குச் சாப்பாட்டிலிருந்து ஒருநாள் விடுப்பு வேண்டும்." ஞானதுரை சிவப்பு மையில், 'மறுக்கப்படுகிறது. காரணம் போதாது' என்று எழுதினார். கால்மணி நேரத்தில் அடுத்த மனு வந்தது. "பாகற்காய் தின்றால் ஜெபின் வாந்தி எடுப்பான். அதைப் பார்த்து நானும் எடுப்பேன். துடைக்கப்போவது நீங்கள்." அனுமதி வழங்கப்பட்டது.

ஜெபினும் சளைத்தவன் இல்லை. மூன்றாம் வாய்ப்பாடு தெரியவில்லை, அதனால் பள்ளிக்கூடம் போகவில்லை என்று எழுதினான். "தெரியலன்னா படிக்கணும்லே. லீவு எடுக்கக் கூடாது" என்று அதை அங்கேயே திருப்பிவிட்டார். மறுநாள் பயல் உஷாராகிவிட்டான். "எனக்குக் குளிக்க மூடு இல்லை. உண்மையாகவே இல்லை." காரணம் உண்மை என்றால் எப்படி மறுப்பது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த கிருபாபாய் மகனைக் கட்டிக்கொண்டு உடனே விலகினாள். "ஏலே, நீ குளிச்சு எத்தன நாளாச்சு?"

ஞானதுரை மனுக்களைக் கோத்து வைத்திருந்த ஃபைலைத் திறந்து காட்டினார். "மூணு நாளு. எல்லாம் முறைப்படி சாங்ஷன் ஆனது."

அவள் ஃபைலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "நல்லா வந்து வாய்ச்சீகய்யா எனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பாத்ரூமுக்குள் மகனை இழுத்துக்கொண்டு போனவளின் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் கத்தரிக்காய் வந்து கெடுத்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி. நாளை வெஜிடபிள் டே, எல்லாப் பிள்ளைகளும் காய்கறி வேஷத்தில் வரவேண்டும். ஞானதுரை சும்மா இருப்பாரா? வெள்ளைத்தாய் வீட்டுக்காரர் பேண்டேஜ் தறி போட்டிருந்தார். அவரிடம் ஒரு பொதி பேண்டேஜ் துணி வாங்கி, ஊதாச் சாயத்தில் முக்கி மொட்டைமாடியில் காயப்போட்டு, உள்ளே பஞ்சு அடைத்து, அட்டையில் பச்சைக் காம்பு வெட்டி, மறுநாள் காலை ஜெபினைக் கத்தரிக்காயாக நிறுத்திவிட்டார்.

"எங்க மிஸ் ஒண்ணும் சொல்லலையேப்பா" என்றான் ஜெபின்.

"குரூப்ல வந்திருக்குலே. எழுத்துல வந்துட்டா அது ஆர்டர்."

ஆட்டோ டிரைவர் இருளப்பசாமி கத்தரிக்காயைச் சுற்றிவந்து பார்த்தார். "அண்ணாச்சி, இவரு உக்காரணும்னா ரெண்டு பிள்ளைகளை எறக்கணுமே" என்றவர், கடைசியில் தன் பக்கத்திலேயே அமுக்கி வைத்துக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்கு டீச்சர் போன் செய்தார். வெஜிடபிள் டே யூகேஜி பிள்ளைகளுக்கு. ஜெபின் யூகேஜியில் படித்தபோது கிருபாபாய் சேர்ந்த பழைய குரூப் அது. அதிலிருந்து அவள் விலகவே இல்லை. ஞானதுரை ஊருக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அதிலும் அவரைச் சேர்த்துவிட்டிருந்தாள். இரண்டாம் வகுப்புக்கு அன்று தமிழ் டெஸ்ட். நாற்பது பிள்ளைகள் யூனிபார்மில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு கத்தரிக்காய் டெஸ்ட் எழுதியது.

அதோடு போகவில்லை. வேர்வையில் சாயம் இறங்கிக் காது, கழுத்து, கன்னம் எல்லாம் ஊதா. கிருபாபாய் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. வகுப்பில் அவன் பேரே கத்தரிக்காய் ஆகிவிட்டது. ஜெபின் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினான். எதுவானாலும் பேப்பர்தான். 'தண்ணி வேணும்.' 'பென்சில் சீவணும்.' தான் போட்ட சட்டம் தன் தலையிலேயே விடிந்ததை நினைத்து ஞானதுரை நொந்துபோனார்.

சனிக்கிழமை பிள்ளைகள் இருவரையும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். கிருபாபாய் டியூட்டி முடித்து வரும்வரை ஒரு பால்கோவாக் கடையில் உட்காரவைத்து, சூடாகக் கால்கிலோ வாங்கி ஜெபின் முன்னால் வைத்தார். பயல் ஒன்றும் விடாமல் வழித்துத் தின்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தான். 'நல்லா இருக்கு. இன்னும் வேணும். பேச மாட்டேன்.'

ஹெப்சிபா சிரித்தாள். ஞானதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் சுபேதார் மறுபடி கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை முடிவு சொல்லியாக வேண்டும்.

"போயிருதேன் கிருபா" என்றார், பிள்ளைகள் முன் சீட்டில் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது. "எனக்குத் துப்பாக்கி தொடைக்கத்தான் தெரியும். இவங்களுக்கு நான் இல்லாமயே நல்லாத்தான் இருந்துச்சு."

கிருபாபாய் அவர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "எங்கிட்டச் சொல்லாதீக. சட்டம் போட்டது நீங்க. போறவிய லெட்டர் எழுதி ஒட்டிட்டுல்லா போகணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஞானதுரை எழுத உட்கார்ந்தார். இரண்டு தாளைக் கிழித்துப்போட்டு மூன்றாவதில் எழுதினார். "அன்புள்ள ஹெப்சிபா, ஜெபின் அவர்களுக்கு, அப்பா பூனாவுக்கு வேலைக்குப் போக விடுப்பு வேண்டும். காரணம்: அப்பாவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. இது உண்மை." ஃபிரிட்ஜில் ஒட்டினார். பிள்ளைகள் இருவரும் நின்று படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளையாடப் போய்விட்டார்கள். பார்த்தாயா, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கள் காலை கிருபாபாய் பஸ்ஸுக்குப் போனபிறகு, பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கதவெல்லாம் ஊதாக் கறை. மிச்சமிருந்த சாயத்தை யாரோ கரைத்திருக்கிறார்கள். லெட்டரில் ஹெப்சிபாவின் குண்டு குண்டான எழுத்தில், சிவப்பு மையில்: 'மறுக்கப்படுகிறது. காரணம் போதாது.' அதன்கீழே பென்சிலில், மேலும் கீழுமாகப் போன வரி: 'தெரியலன்னா படிக்கணும். லீவு எடுக்கக் கூடாது.' கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருவிரல் ரேகை, ஊதாவில்.

போன் அடித்தது. சுபேதார்தான். ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"லீவு கிடைக்கலை சார்."

"ரிட்டயர் ஆன ஆளுக்கு எவன்யா லீவை மறுக்கிறது?"

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். கலைந்த தலையும் ஊதாக் காதுமாக ஜெபின் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். அப்பா யாரிடம் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தபடி நின்றான்.

"நம்ம ஆபீசருதான் சார். ரெண்டாப்பு படிக்காரு" என்றார் ஞானதுரை.

"ப்பா" என்றான் ஜெபின், ஐந்து நாளைக்குப் பிறகு வாய் திறந்து. "இன்னைக்கு குளிக்கணுமா?"