ஒன்றாம் எண் பட்டன்

பட்டறையில் அவளை எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கும் கூடத்தில் கடைசி மேசை அவளுடையது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, தைத்து வரும் காலரையும் கையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்து பார்ப்பாள். கால் அங்குலம் பிசகினாலும் சட்டை திரும்பிப் போகும். அவளிடம் திட்டு வாங்காத தையல்காரர் அங்கே கிடையாது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தைப்பவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; அந்த எண் சட்டையின் உள்பக்கம் ஒட்டிப் போகும். ஆள் வேலையை விட்டுப் போனால், ஒரு வருஷம் வரை அந்த எண்ணை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். பழைய சட்டை குறையோடு திரும்பி வந்தால் புது ஆள் தலையில் பழி விழக் கூடாதே! ஆகவே எண் என்றால் ஆள். இருபத்திரண்டு வருஷத்தில் அது அவள் புத்தியில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. அதுதான் பிறகு அவளைப் படாத பாடு படுத்தியது.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மிஷினில் இரண்டு பட்டன்கள். ஒன்று அவள் புருஷனுக்கு, இரண்டு அவளுக்கு; வாலிப வயது மகனுக்கு அது தேவைப்படவில்லை. யார் பட்டனை அழுத்தினாலும் அவரவருடைய பழைய கணக்கைத் தேதியோடு காட்டும். புருஷன் பஸ் ஓட்டியவர். உப்பைக் குறையுங்கள், சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள் என்றால், "அதுக்கு வைக்கோலைத் தின்னுட்டுப் போறேன்" என்று சிரிப்பார். கடைசி ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த மேல் எண்ணை மட்டும் அவள் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். 138, 141, 145, 149, 152, 158, 171. மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழவில்லை. அது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது.

அதற்குப் பிறகு அவள் திருந்தினாள். சமையலுக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுவதை விட்டு, நாள் முழுக்க இவ்வளவுதான் என்று கரண்டியில் அளந்து வைத்தாள். சர்க்கரை போட்ட டீ நின்றது. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை, ஞாயிறு மாலையில் நீண்ட நடை, பத்து மணிக்கெல்லாம் தூக்கம். அவளுடைய சர்க்கரையும் பிரஷரும் சொன்ன பேச்சைக் கேட்டன.

ஒரு திங்கட்கிழமை கை தவறி ஒன்றாம் பட்டனை அழுத்திவிட்டாள். 138 என்று காட்டியது. தேதி நேற்றைய தேதி.

மிஷின் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பார்த்தபோது 141. அதற்கடுத்த வாரம் 145. எல்லாம் ஞாயிறு, மாலை நான்கு மணி, அவள் நடக்கப் போகும் நேரம். நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். அவர் உட்காரும் பிரம்பு நாற்காலி ஜன்னலோரம் இருந்தபடியே இருந்தது; அதன் மெத்தை நடுவில் லேசாக அமுங்கியிருந்தது.

"செத்தும் அடங்கமாட்டீங்களா நீங்க?" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அந்த யோசனை வந்தது. 171 வந்தால் இவருக்கு என்ன? ஏற்கெனவே போனவர்தானே. அப்படியானால் அந்த எண் யாரைத் தேடி வருகிறது?

நாலாவது ஞாயிறு நடக்கப் போனவள் தெருமுனையிலேயே திரும்பினாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். உள்ளே மிஷின் காற்றை ஏற்றும் உறுமல். ஜன்னலோர நாற்காலியில் அவருடைய கட்டம் போட்ட சட்டை, அவருடைய தோள், அதே சாய்வு.

உருவம் திரும்பியது. அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய மகன்.

"ஏன்டா அப்பா பட்டன்ல பாக்குறே?"

"ரெண்டு உன்னோடது. மூணாவது பட்டன் இல்லையேம்மா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு மாசமா தலை வலிக்குது. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

149. அவள் நோட்டை அவன் முன்னால் வைத்தாள். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபத்தொன்பது வயது. பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசும் வேலை. ராத்திரி போனை நோண்டிக்கொண்டே இரண்டு மணி வரை விழிப்பு. எண் ஏறாமல் என்ன செய்யும்?

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இப்போதைக்கு மாத்திரை வேணாம். உப்பு, நடை, தூக்கம் மூணையும் சரி பண்ணிட்டு வாரா வாரம் பாருங்க. அப்படியும் ஏறிட்டே போனா தள்ளிப் போடாம வந்துடணும்" என்றார். ஐந்தாவது ஞாயிறு 152. ஆறாவது ஞாயிறு 158. இருவரும் நடக்கும்போது பின்னால் மூன்றாவதாக ஒரு செருப்புச் சத்தம் கேட்பதுபோல் அவளுக்கு இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதி வச்ச மாதிரியே போகுதும்மா. என்ன பண்ணாலும் நடக்கிறது நடக்கும்" என்றான் மகன்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரே அளவுல வெட்டின துணிதான். ஆனா தைக்கிற கை வேறடா!" என்று கத்தியவள், அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். காரப் பொட்டலங்கள் நாலு விழுந்தன. வீட்டில் உப்பை அளந்தது அவள். ஆபீசில் அள்ளித் தின்றது இவன். அன்றைக்கே அவையெல்லாம் குப்பைக்குப் போயின. படுக்கப் போகும்போது அவன் போன் அவள் தலையணைக்கடியில் போயிற்று.

ஏழாவது ஞாயிறு. நாலு மணி. முதலில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். அது டாக்டரம்மா சொன்ன முறை. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த ஐந்து நிமிஷமும் அறையில் மூன்று பேர் மூச்சு விடுவதுபோல் இருந்தது. கைப்பட்டை இறுகியது. எண் இருநூறிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. நூற்றெழுபத்தொன்று கண்ணில் பட்டபோது ஒரு கணம் நின்றது. அவள் மகனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எண் அதைத் தாண்டி இறங்கியது. 147.

நல்ல எண் என்று சொல்ல முடியாது; இன்னும் எவ்வளவோ குறைய வேண்டும். ஆனால் அது நோட்டில் இல்லாத எண். அவள் வாய்விட்டு அழுதாள். புருஷனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட இப்படி அழவில்லை.

பிறகு மூக்கைச் சிந்தி, மிஷினில் ஒன்றாம் பட்டனின் பழைய கணக்கு முழுவதையும் அழித்தாள். மகன் எழுந்துபோன நாற்காலியின் வெறும் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒரு வருஷம் ஆக இன்னும் ஒண்ணரை மாசம் இருக்கு. பரவாயில்லை. உங்க நம்பரை இவனுக்குக் கொடுத்துட்டேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.